குமுனையில் இரண்டு ராத்திரியும் நான்கு உரச்சாக்கும்

கடலோரத்தில் டென்ட் அடித்துப் படுக்கப் போகிறோம் என்று வீட்டில் சொன்னதும், ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அம்மா கையை அப்படியே நிறுத்திவிட்டார். இலங்கை மலைநாட்டு ஹப்புத்தளையில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்றால், பனி இல்லாத நாளில் தெற்கே தூரத்தில் ஒரு வெள்ளிக்கோடு மாதிரி ஏதோ மினுங்கும், அதுதான் கடல் என்று சின்ன வயதிலிருந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அவ்வளவுதான் எங்களுக்கும் கடலுக்கும் பழக்கம். 2004 டிசம்பருக்குப் பிறகு அம்மாவுக்குக் கடல் என்றாலே டீவியில் பார்த்த அந்தத் தண்ணீர்தான். "பகல்ல போங்க, சாமி கும்பிடுங்க, கால நனைங்க. ராத்திரி அங்க என்ன வேலை?" என்றார். அப்புறம் சமாதானமாகி, "சரி, உகந்தைக்குப் போறீங்கன்னா கோயில் வாசல் மண் ஒரு பிடி கொண்டு வா" என்றார்.

போன ஆகஸ்ட்டில் போனோம். நான், என் கூட்டாளி (மச்சான் என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கேயும் மச்சான்), அப்புறம் அம்மாவின் தம்பி, என் மாமா. மாமாவைக் கூட்டிப் போவது திட்டத்திலேயே இல்லை. நாற்பது வருஷம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறார். குமண தேசியப் பூங்கா என்று நான் சொன்னது அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அதன் தமிழ்ப் பெயரான குமுனை என்றதும் எழுந்து உட்கார்ந்தார். "நான் அந்தக் காட்டுல நடந்திருக்கேன்டா. எண்பத்திரண்டுல, தாத்தாவோட, கதிர்காமத்துக்கு."

கிழக்கிலிருந்து வரும் கதிர்காமப் பாதயாத்திரை உகந்தையில் காட்டுக்குள் இறங்கி, குமுனை வழியாகப் போய், கும்புக்கன் ஆற்றைக் கடந்து, நாவலடி, வியாழை என்று யால காட்டை அறுத்துக்கொண்டு கதிர்காமம் சேர்கிறது. அந்த வழி எங்கள் மலைநாட்டு ஆட்களுக்கும் பழக்கமானதுதான், மாமாவும் தாத்தாவும் பொத்துவில் வரைக்கும் பஸ்ஸில் போய் அங்கிருந்து நடந்தார்களாம். 1985இல் உள்நாட்டுச் சண்டையால் பூங்காவை மூடினார்கள், 2003இல்தான் மறுபடி திறந்தார்கள். அதற்குள் மாமாவுக்குக் கல்யாணம், பிள்ளைகள், கடன் எல்லாம் வந்துவிட்டன.

மாமா தன் பையோடு நான்கு பழைய உரச்சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்தார். எதற்கு மாமா என்றால், "சாக்கு இல்லாம காட்டுக்குப் போவாங்களா?" என்றார். மச்சான் வேனுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தான்.

விடியக்காலை நான்கு மணிக்கு, கம்பளி போர்த்திக்கொண்டு கிளம்பினோம். பெரகலையில் திரும்பி இறங்க இறங்க ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருந்தது, முதலில் கம்பளி, அப்புறம் ஸ்வெட்டர், வெல்லவாய வரும்போது மச்சான் பனியனோடு இருந்தான். நடுவில் கொஸ்லாந்தை. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போன இடம் அந்தப் பக்கம்தான், அங்கே மட்டும் வேனில் யாரும் பேசுவதில்லை, எத்தனை தடவை போனாலும் அப்படித்தான். கொஞ்சம் கீழே தியலும, 220 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர்வீழ்ச்சி, ஆகஸ்ட் என்பதால் நூல் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. அதன் பிறகு புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ என்று பாதை நேராக ஓடிக்கொண்டே இருக்கிறது, வளைவே இல்லாத பாதையில் எனக்குத் தூக்கம் வந்துவிடும். லகுகலையில் குளத்துப் புல்லுக்குள் யானைகள் முதுகு மட்டும் தெரிய நின்றன. பொத்துவிலில் சோறு. அறுகம்பையில் வெள்ளைக்காரர்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதை மாமா ரொம்ப நேரம் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பாணமையில் ஒரு ஜீப் பேசி வைத்திருந்தோம். உள்ளே மணல் பாதை, எங்கள் வேன் போகாது. ஜீப் அண்ணன் சிங்களத்தில் ஆரம்பித்து தமிழில் முடிப்பார், தமிழில் ஆரம்பித்து சிங்களத்தில் முடிப்பார், அந்த ஊரே அப்படித்தான், இரண்டு பக்கமும் சம்பந்தம் செய்துகொண்ட ஊர்.

உகந்தையில் கோயிலும் பூங்கா வாசலும் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன. முருகன் கல்லோடத்தில் வந்து இறங்கிய இடம் என்பது ஐதீகம். பாறை மேல் ஏறினால் சுனைகள், அதற்கு அப்பால் கடல். மாமா செருப்பைக் கழற்றிவிட்டு அந்தச் சூட்டுப் பாறையில் நின்று கும்பிட்டார், கண்ணைத் திறக்கவே இல்லை, நாங்கள் இருவரும் கால் மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டிருந்தோம். அந்த அவசரத்தில் அம்மா கேட்ட மண்ணை மறந்துவிட்டோம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போகிறவர்களுக்காக ஒரு விஷயம். 'கடற்கரைக் கேம்பிங்' என்று நான் மனசில் கட்டி வைத்திருந்த படம் முழுக்கத் தப்பு. நெருப்பு மூட்டி, அலைக்குப் பத்தடி தள்ளி டென்ட் போட்டு, ராத்திரி மணலில் நடந்து... ஒன்றும் நடக்காது. இது வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் தேசியப் பூங்கா. முகாம் இடத்தை முன்னாடியே பதிவு செய்ய வேண்டும். கூடவே ஒரு ட்ரக்கர், அதாவது காட்டு வழிகாட்டி, வருவார். சாராயம், பியர் எதுவும் கூடாது. பொலித்தீனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஜீப்பிலிருந்து சொன்ன இடத்தில் மட்டும் இறங்கலாம். சாயங்காலம் ஆறு மணிக்குப் பிறகு முகாமை விட்டு எங்கும் நகர முடியாது. எங்களுக்குக் கிடைத்த இடம் கடலோரத்தில் இல்லை, கும்புக்கன் ஆற்றங்கரையில். கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் காடு. ராத்திரி அங்க என்ன வேலை என்று அம்மா கேட்டதையேதான் திணைக்களமும் கேட்கிறது என்று மச்சான் சொன்னான்.

முதல் நாள் எனக்கு ஏமாற்றம்தான், மறைக்கவில்லை.

கடலைப் பகலில் பார்த்தோம். ட்ரக்கரை நாங்கள் 'ஐயே' (சிங்களத்தில் அண்ணா) என்றோம், அவர் எங்களை 'மல்லி' (தம்பி) என்றார், மாமாவை மட்டும் ஏனோ 'மாஸ்டர்' என்று கூப்பிட்டார், மாமாவும் திருத்தவில்லை. ஆற்றுவாய்ப் பக்கம் அவர் காட்டிய இடத்தில் இறங்கினோம். ஒரு ஆள் கிடையாது, ஒரு படகு கிடையாது. நாங்கள் போன நேரம் ஆறு கடலைத் தொடவில்லை, நடுவில் மணல் திட்டு அடைத்து, இந்தப் பக்கம் ஆறு குளம் மாதிரி அசையாமல் கிடந்தது, அந்தப் பக்கம் அலை அடித்து அடித்துத் திரும்பிப் போனது. ஈர மணலில் டிராக்டர் சக்கரம் போன மாதிரி ஒரு தடம், கடலிலிருந்து மேலே வந்து, ஒரு குழியைச் சுற்றி, மறுபடி கடலுக்கு. கடலாமை முட்டையிட வந்து போன தடம். குழி கிளறப்பட்டு, சுற்றிலும் ஓடு சிதறிக் கிடந்தது. கோழி முட்டை ஓடு மாதிரி நொறுங்கியிருக்கவில்லை, காய்ந்த தோல் மாதிரி சுருண்டு கிடந்தது. காட்டுப்பன்றி வேலை என்றார் ஐயே. சின்ன வெள்ளை நண்டுகள் எங்கள் நிழல் பட்டதும் ஓடி ஓடிப் பொந்துக்குள் விழுந்தன. மச்சான் கடலில் குளிக்க வேட்டியை மடித்துக் கட்டினான், ஐயே ஒன்றும் சொல்லாமல் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார். மரக்கட்டை என்று நான் நினைத்திருந்த ஒன்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கடலில் இழுப்பு, ஆற்றில் முதலை. வேட்டி இறங்கிவிட்டது.

முகாமுக்கு வந்து டென்ட் அடித்த கதைக்கு வருகிறேன். அந்த டென்ட் பண்டாரவளையில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்தது (பெயர் வேண்டாம்). விரித்துப் பார்த்தால் ஒரு கம்பி குறைவு. சரி, காட்டிலே கிடந்த ஒரு காய்ந்த குச்சியை வைத்து ஒப்பேற்றினோம். முளை ஆணிதான் பெரிய தலைவலி. எங்கள் மலை மண்ணில் ஆணியை இறக்க கல்லால் அடிக்க வேண்டும், இறங்கிவிட்டால் யானை இழுத்தாலும் வராது. ஆற்று மணலில் விரலால் தள்ளினாலே இறங்குகிறது, அதே வேகத்தில் வெளியே வருகிறது. நான்கு மணிக்குமேல் கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியதும் டென்ட் எழுந்து நின்று ஆடியது. நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மாமா ஒரு மருத மரத்து வேரில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு எழுந்து வந்தார். உரச்சாக்கில் பாதிக்கு மணலை அள்ளிப்போட்டு, வாயைக் கட்டி, டென்ட் கயிற்றை அதன் கழுத்தில் முடிந்து, முழங்கை ஆழத்தில் குழி தோண்டிச் சாக்கைப் படுக்க வைத்துப் புதைத்து மேலே மிதித்தார். நான்கு மூலைக்கு நான்கு சாக்கு. அதன் பிறகு டென்ட் அசையவில்லை. மணலில் டென்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் ஆணியை நம்பாதீர்கள், வலிமையான பை நான்கு கொண்டு போங்கள், வெறும் பைதானே, பாரமே இல்லை. மச்சான் அன்றிலிருந்து உரச்சாக்கைப் பற்றிப் பேசுவதில்லை.

மருத மரம் என்றேன் இல்லையா, சிங்களத்தில் கும்புக் என்பது அதைத்தான், ஆற்றுக்குப் பெயரே அதிலிருந்துதான். இரண்டு கரையிலும் வெளிறிய தண்டோடு, வேரைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நிற்கின்றன. கும்புக்கன் 116 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு, ஊவாவில், எங்கள் பக்கத்து மலைகளின் கிழக்குச் சரிவில் பிறக்கிறது. இங்கே வரும்போது இவ்வளவு அகலமாக, இவ்வளவு சோம்பலாக ஆகிவிடும் என்று யார் நினைத்தது.

மாமா அங்கேதான் முதல் தடவையாக அவசரப்பட்டார். கரையோடு கொஞ்சம் நடந்தார், ஐயே கூடவே போனார். காய்ந்த மணலில் ஒரு இடத்தில் உட்கார்ந்து கையால் தோண்ட ஆரம்பித்தார். முழங்கை ஆழம் வந்ததும் அடியில் மணல் கறுத்தது, ஓரத்திலிருந்து தண்ணீர் கசிந்து வந்து தேங்கியது, கலங்கல். சிரட்டையால் அள்ளி ஊற்றினார். மறுபடி ஊறியது, மறுபடி அள்ளி ஊற்றினார். மூன்றாம் தடவை அடி மணல் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலத் தெளிந்து நின்றது. "ஆத்துல குனிஞ்சு அள்ளக்கூடாது, முதலை. இப்படித் தோண்டித்தான் குடிக்கணும்னு தாத்தா சொல்லிக் குடுத்தாரு. அன்னிக்கு நூறு பேர் இருந்திருப்போம், கரை பூராவும் குழி." ஐயே சிரித்துக்கொண்டே, பாதயாத்திரைக்காரர்கள் இப்போதும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். போன மாதம்தான் கூட்டம் கடந்து போயிருந்தது.

அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தூளில் பிளேன்டீ போட்டோம். நிறம் கறுப்பாக, மேலே மெல்லிய ஆடை படிந்து, வாயில் ஒரு மந்தமான ருசி. மச்சான் தூள் பழசு என்றான். மாமா ஒரு வாய் குடித்து, நாக்கில் நிறுத்திப் பார்த்து, "தூளு நல்ல தூளு. தண்ணி கடுசு" என்றார். நாற்பது வருஷ ஸ்டோர் நாக்கு. எங்கள் பீலித் தண்ணீரில் (மலை ஊற்றுக் குழாயில் வருவது) அதே தூள் செம்பு நிறத்தில் தெளிவாக இறங்கும்.

உண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அட்டை ஒரு விஷயமே இல்லை, காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு மலைக்குப் போய்விடுவோம், ஏறினால் உப்பு வைத்தால் விழுந்துவிடும். உண்ணி அப்படி இல்லை. மச்சத்தை விடச் சின்னது, பகலில் ஏறி ராத்திரிதான் அரிக்கிறது, இடுப்பு, கக்கம், முழங்காலுக்குப் பின்னால் என்று மறைவான இடமாகப் பார்த்து உட்காரும். உப்பும் தேசிக்காயும் வேண்டாம், தோலை ஒட்டிச் சின்ன இடுக்கியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும், திருகினால் தலை உள்ளே நின்றுவிடும். எனக்குப் பதினொன்று. மச்சான் எண்ணிக்கையைச் சொல்ல மறுத்துவிட்டான்.

பறவைகளுக்குப் போகிறவர்கள் எங்களை மாதிரி ஆகஸ்ட்டில் போகாதீர்கள். குமண வில்லில், அதாவது அந்தப் பெரிய சதுப்புக் குளத்தில், கூடு கட்டும் காலம் மே, ஜூன் பக்கம். 1938லேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்த இடம் அது. நாங்கள் போனபோது கூட்டம் கலைந்துவிட்டது. சங்குவளை நாரைகளும், கூழைக்கடாக்களும், கரண்டி மாதிரி மூக்கை வைத்துத் தண்ணீரைத் துழாவும் துடுப்புவாயன்கள் கொஞ்சமும் மிச்சம் இருந்தன. எனக்கு அதுவே போதும், மச்சானுக்குப் புலி பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் சிறுத்தையைத்தான் புலி என்போம். தேயிலைக்குள் அது நாய் பிடிக்க வருகிறபோது பார்க்காத கண், காசு கட்டி இங்கே வந்து தேடுகிறது. இரண்டு நாளும் காலடித் தடம் மட்டும்தான் கிடைத்தது.

முதல் ராத்திரி. ஐயே எங்கள் சாமான் முழுவதையும் பார்த்து, வாழைப்பழச் சீப்பு, பாண், மாம்பழம், உப்பு எல்லாவற்றையும் டென்ட்டுக்குள்ளிருந்து எடுத்து ஜீப்பில் போட்டுக் கதவடைத்தார். யானைக்கு வாசனை போதுமாம். அந்த வாழைப்பழத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்க இருந்தவன் நான். கம்பளியை அப்படியே மடித்து வைத்துவிட்டு, வலையை மட்டும் இழுத்து மூடி, வேர்வையோடு படுத்தோம்.

அப்போதுதான் கடல் கேட்டது. பகலில் காட்டுச் சத்தத்தில் அது தெரியவே இல்லை. ராத்திரி காற்று திரும்பியதும் மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே சீராக, கூடாமல் குறையாமல், ஊ என்று ஒரு சத்தம். மச்சானுக்குத் தூக்கமே வரவில்லை, அது கிட்டே வருகிற மாதிரி இருக்கிறது என்றான். எனக்கு எங்கேயோ கேட்ட சத்தமாகவே இருந்தது, எது என்று பிடிபடவில்லை. மாமாதான் இருட்டில் சொன்னார்: "ஸ்டோர் ஓடுற மாதிரி இல்ல?"

அதேதான். எங்கள் லயம் ஸ்டோருக்குக் கீழே. கொழுந்து அதிகமாக வருகிற காலத்தில் வாட்டும் மாடியில் விசிறிகள் ராத்திரி முழுக்க ஓடும், அந்தச் சத்தத்தில்தான் நான் பிறந்ததிலிருந்து தூங்கியிருக்கிறேன், அது நின்றால்தான் விழிப்பேன். மாமா அதற்குள் குறட்டை விட ஆரம்பித்திருந்தார்.

எத்தனை மணி என்று தெரியாது, ஐயே டென்ட்டைத் தட்டினார். "லைட் போட வேண்டாம்." மூன்று பேரும் வலைக்குள்ளிருந்தே பார்த்தோம். ஆற்றில் நிலா வெளிச்சம் இருந்தது, அதன் நடுவில் ஒரு கறுப்புத் துண்டு மட்டும் வெளிச்சம் இல்லாமல் இருந்தது. அப்புறம் அது நகர்ந்தது. தனிக் கொம்பன் இல்லை, கொம்பில்லாத ஆண் என்று ஐயே காலையில் சொன்னார். நாற்பது அடி இருக்கும். தும்பிக்கையால் தண்ணீரை இழுக்கும் சத்தம், வாய்க்குள் கொட்டும் சத்தம், நடுவே வயிற்றுக்குள் பெரிய பானையை உருட்டுகிற மாதிரி ஒரு முனகல். அவ்வளவு பெரிய உடம்பு தண்ணீரை விட்டுக் கரையேறியபோது ஒரு குச்சி முறிகிற சத்தம்கூட வரவில்லை. மாமா என் தோளில் வைத்திருந்த கையை அது போய் ரொம்ப நேரம் கழித்துத்தான் எடுத்தார். எண்பத்திரண்டில் பார்த்தீர்களா மாமா என்று கேட்டேன். "அப்ப அரோகரா சத்தத்துல எது வரும்" என்றார்.

இரண்டாம் நாளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெயில், சுற்றல், சோறும் கருவாட்டுக் குழம்பும், உண்ணி. இரண்டாம் ராத்திரி மச்சானும் தூங்கினான்.

கிளம்பும்போது சாக்குகளைத் தோண்டி எடுத்து மணலைக் கொட்டி உதறினோம். காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது, மாமா அதில் சுத்தம். திரும்பும்போது உகந்தை வாசலில் ஜீப்பிலிருந்து வேனுக்குச் சாமான் மாற்றும் பரபரப்பில் மறுபடியும் மறந்துவிட்டோம். பெரகலை ஏறும்போது பனி கண்ணாடியில் படிந்தது, கம்பளி திரும்பவும் வெளியே வந்தது, அப்போதுதான் எனக்கு அம்மா முகம் ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து நான் குளித்துவிட்டு வருவதற்குள் அம்மா சாக்குகளை அலசப் பீலிக்கு எடுத்துப் போயிருந்தார். திரும்பி வந்தபோது கையில் ஒரு சிரட்டை. சாக்கின் மூலைத் தையலில் சிக்கியிருந்த மணலைத் தட்டித் தட்டி எடுத்திருக்கிறார், ஒரு பிடி தேறியிருந்தது, வெள்ளையும் மஞ்சளுமாக.

"உகந்தை மண்ணுதானே?" என்றார்.

மாமா வெற்றிலைப் பையைத் தேட ஆரம்பித்தார். நான் ஆமாம் என்றேன். அது இப்போது சாமித் தட்டில் விபூதிக்குப் பக்கத்தில் இருக்கிறது.